ஏரி, குளம், சதுப்பு கணக்கெடுப்பு: செயற்கைக்கோள் படமே போதுமா?

கேள்வி, 3 பிப்ரவரி 2025

ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்து, தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. சந்தோஷம். ஆனால் மீதி ஈரநிலங்களைக் கணக்கெடுக்க ஊர் ஊராக ஆள் அனுப்புவது எனக்கு வீண் செலவாகப் படுகிறது. இஸ்ரோ படம் இருக்கிறது, இலவச மென்பொருள் இருக்கிறது. அறையில் உட்கார்ந்தே மாநிலம் முழுவதையும் வரைந்துவிடலாம். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2025

முடியாது. படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதுராந்தகம் பக்கத்து ஏரிகளைச் சில வருஷமாக க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வரைந்துவருகிறேன், ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் போகிறேன். படம் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் கைக்கு வருவது அந்த நாளில் தண்ணீர் எங்கே நின்றது என்ற தகவல் மட்டும்தான்.

முதலில் அளவு. அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2006-07 படங்களை வைத்து தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பைத் தயாரித்து 2011-ல் வெளியிட்டது. நாடு முழுக்க 2,01,503 ஈரநிலங்களுக்கு எல்லை வரைந்தார்கள். இன்னும் 5,55,557 ஈரநிலங்களை வெறும் புள்ளியாக வைத்தார்கள். ஏன் புள்ளி? அது 1:50,000 வரைபடம். அதில் 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் கட்டத்துக்குக் கீழே எதையும் உருவமாக வரைய முடியாது. தரையில் அந்தக் கட்டம் 150 மீட்டருக்கு 150 மீட்டர், அதாவது 2.25 ஹெக்டேர். நம் கணக்கில் ஐந்தரை ஏக்கர்.

உங்கள் ஊர்க் குட்டையோ ஊருணியோ ஐந்தரை ஏக்கர் இருக்குமா? தமிழ்நாட்டில் எல்லை வரைந்தவை 24,684, புள்ளியாக நிற்பவை 18,294. புள்ளிக்கு நீள அகலம் கிடையாது. யாராவது அரை ஏக்கர் மண் அடித்து மேவினால் புள்ளி அப்படியேதான் இருக்கும், பட்டியலிலும் ஒரு மாற்றமும் தெரியாது.

4 பிப்ரவரி 2025, இரவு

சேர்க்க விட்டது: வரத்துக்கால், அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். மூன்று மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் அந்த அளவுப் படத்தில் தெரியவே தெரியாது. ஆனால் ஏரி சாவது பெரும்பாலும் அங்கேதான். ஏரிக்குள் யாரும் கை வைக்காமல், மேலே வாய்க்காலை ஒரு இடத்தில் அடைத்தால் போதும்.

6 பிப்ரவரி 2025

"அது பழைய கதை, இப்போது 10 மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை சென்டினல் செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், நானும் அதைத்தான் இறக்குகிறேன். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு, எங்கெல்லாம் தண்ணீர் என்று கணினி நொடியில் நிறம் பூசிக்கொடுத்துவிடும். திறந்த தண்ணீருக்கு அது அருமையாக வேலை செய்யும். நம் ஏரிகளில் திறந்த தண்ணீர் பாதிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு நடுத்தர ஏரி. ஜனவரிப் படத்தில் அதன் வடக்குப் பாதி முழுக்க வயல்வெளி மாதிரி பச்சையாக வந்தது. போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை. அதன் அடியில் இடுப்பளவு தண்ணீர், மேலே இலைக்கோழிகள் நடந்துகொண்டிருக்கின்றன. தெற்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சம்புக் கோரை. கணினி அதைப் புதர்க்காடு என்றது. நீலத் தாழைக்கோழி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கரைக்கு வெளியே நாற்று நட்ட வயல்கள் எல்லாம் நீலமாக வந்துவிட்டன. அப்போது ஆயக்கட்டு (ஏரி பாயும் வயல்கள்) முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றதே! சீமைக் கருவேலம் மண்டிய ஏரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மேலிருந்து பார்த்தால் காடு.

இதையெல்லாம் திருத்த வழி உண்டு. ரேடார் படம் மேகத்தைத் தாண்டியும் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அது பெரிய உதவி. பல மாதப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் வயலையும் ஏரியையும் பிரித்துவிடலாம். ஆனால் எந்தப் பச்சை ஆகாயத்தாமரை, எந்தப் பச்சை சம்பு என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க யாராவது முதலில் அங்கே போய் நின்று பார்த்திருக்க வேண்டும். நீங்கள் வீண் செலவு என்று சொன்னது அந்த வேலையைத்தான்.

7 பிப்ரவரி 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் படத்தையே குறை சொல்வதாக இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். காலத்தில் பின்னோக்கிப் போக, படத்தை விட்டால் வேறு வழியில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1984-க்குப் பிறகான 30 மீட்டர் படங்களை வரிசையாக அடுக்கினால், ஒரு ஏரியில் எத்தனை வருஷம் தண்ணீர் வந்தது, எந்த வருஷத்திலிருந்து வரத்து நின்றது என்று சொல்லிவிடலாம். பெரியவர்கள் "அந்தக் காலத்தில் கடல் மாதிரி நிற்கும்" என்று சொல்வதைச் சரிபார்க்கவும் இது உதவும். பல சமயம் அவர்கள் சொல்வது அப்படியே சரியாக இருக்கும்.

16 பிப்ரவரி 2025

களத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்கு நேற்று பார்த்ததையே எழுதுகிறேன்.

ஒரு ஏரிக்கு எல்லை போட முதலில் போக வேண்டிய இடம் கலங்கல், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கட்டு. கரையில் எவ்வளவு நடந்தாலும் ஏரியின் முழு அளவு தெரியாது. கலங்கல் தலையின் மட்டம்தான் ஏரியின் நிறைமட்டம். அதற்கு மேல் வந்த தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். அந்த மட்டத்தை அப்படியே உள்வாய்ப் பக்கம் (ஏரிக்குள் தண்ணீர் பரவும் பக்கம்) நீட்டினால் எங்கே தரையைத் தொடுகிறதோ அதுதான் ஏரியின் மறுகரை. கட்டிய கரை ஒரு பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். வேலி, மனை, செங்கல் சூளை எல்லாம் வருவது அந்தப் பக்கம்தான், காரணம் பத்து மாதம் அது காய்ந்து கிடக்கும்.

நேற்று போன ஏரியின் கலங்கல் கருங்கல் கட்டு. தலைமேல் முழங்கை உயரத்துக்குக் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கல்லுக்கு நடுவே காய்ந்த சேறும் வைக்கோலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊர் நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரை வயலுக்குப் பங்கிட்டு விடுபவர்) கூட வந்தார், எழுபது வயது இருக்கும். "தம்பி, மழை நல்லா பேஞ்ச வருசம் இந்தக் கல்லுக்கு நடுவுல மண்ணு வச்சு அடைச்சிடுவோம். அப்படியே ஒரு அடி சேர்த்து நிக்கும். நவரை தாண்டி சொர்ணவாரிக்கும் தண்ணி ஆச்சு" என்றார். சொர்ணவாரி என்பது நவரைக்கு அடுத்து வரும் நெல் போகம். அந்த ஒரு அடிக்கு உள்வாயில் எவ்வளவு நிலம் மூழ்கும்? அவர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் ஒரு பனைமரம். கலங்கலிலிருந்து பார்த்தால் வெகுதூரம். நிலம் அவ்வளவு தட்டை. நான் படத்திலிருந்து வரைந்துவைத்திருந்த எல்லைக்கும் அந்தப் பனைக்கும் நடுவே இப்போது மூன்று வேலி நிற்கிறது.

இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் ஏற்றினேன்: கலங்கல் மட்டம் ஒன்று, குத்துக்கல் மட்டம் ஒன்று. எந்தக் கோட்டை எல்லை என்று எழுதுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அந்த மூன்று வேலியும் உள்ளேயா வெளியேயா என்பது. இதை அறையில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்துவிட முடியாது.

16 பிப்ரவரி 2025

அதே ஏரியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னது: கடைசியில் வற்றுவது பள்ளமடைக்குப் பக்கத்தில் உள்ள குழி, சித்திரையிலும் மாட்டுக்குத் தண்ணீர் இருக்கும். பங்குனியில் பறவை எல்லாம் அங்கேதான் கூடும். கணக்கெடுப்புத் தாளில் "கடைசியாகத் தண்ணீர் நிற்கும் இடம்" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். இதுவரை நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை.

9 மார்ச் 2025

"எங்கள் ஊர் ஏரி வருஷத்தில் எட்டு மாதம் பொட்டல், கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதுவும் ஈரநிலமா?" என்று சிவகங்கை நண்பர் கேட்கிறார். ஆமாம். வட தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரம் வரை பெரும்பாலான ஏரி, கண்மாய்களின் இயல்பே அதுதான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பாசனத்தில் இறங்கி, கோடையில் காயும்.

நம்பிக்கை வராவிட்டால் காய்ந்த ஏரியில் களிமண் வெடித்துக் கிடக்கும் இடமாகப் பார்த்து ஒரு சாண் ஆழம் கிளறுங்கள். நத்தை அகப்படும். வாயை மூடியால் இறுக்கிச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். முதல் மழையில் வெளியே வரும். நத்தைகுத்தி நாரை அதை நம்பித்தான் வருகிறது. சின்னஞ்சிறு நீர்ப்பூச்சி, இறால் இனங்களின் முட்டைகள் காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். புதைந்து கிடக்கும் தவளைகளும் உண்டு. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி செய்துவிட்டால் இந்த வரிசையே மாறிப்போகும். காய்வதும் ஏரியின் வாழ்க்கையில் ஒரு பாகம்.

ஆகவே கோடையில் எடுத்த ஒரே படத்தை வைத்து "ஏரி மறைந்துவிட்டது" என்று எழுதுவதும், தை மாதப் படத்தை மட்டும் வைத்து "ஏரி நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதும் இரண்டும் ஆபத்து. தேசியத் தொகுப்பில் பருவமழைக்கு முன், பின் என்று இரண்டு படங்கள் பார்த்திருக்கிறார்கள், அது சரியான முறை. எனக்கு மாதத்துக்கு ஒரு படம் வேண்டும்.

23 மார்ச் 2025

சட்டத்தைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளும். எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான்.

2010-ல் வந்த ஈரநில விதிகளில் ஏரி, நீர்த்தேக்கம், மனிதர் உருவாக்கியவை எல்லாம் ஈரநில வரையறைக்குள் இருந்தன. 2017-ல் அதை மாற்றி எழுதிய விதிகளில் ஆற்றுப்படுகை, நெல்வயல் ஆகியவற்றோடு, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் உப்பளத்துக்காகவும் மீன், இறால் வளர்ப்புக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் என்றே மனிதர் கட்டியவை விலக்கப்பட்டன. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்களில் பாசனத்துக்கு என்று கட்டாதது எத்தனை?

நடுவில் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் எம்.கே. பாலகிருஷ்ணன் வழக்கில், தொகுப்பில் எல்லை வரைந்த அந்த 2,01,503 ஈரநிலங்களையும் 2010 விதிகளின் 4-ஆம் விதிக் (ஈரநிலத்தில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்வது) கொள்கைப்படி காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில், 2021-ல் வந்த புதிய தொகுப்பின் 2,31,195 ஈரநிலங்களையும் மாநிலங்கள் தரையில் சரிபார்த்து எல்லை குறிக்க மூன்று மாதம் கெடு கொடுத்தது. இப்போது புரிகிறதா, கணக்கெடுப்பு ஏன் வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடக் கூடாது என்று? பட்டியலில் இருந்தால் நீதிமன்றப் பாதுகாப்பு. 2.25 ஹெக்டேருக்குக் கீழே புள்ளியாகப் போனால் அந்த எண்ணிக்கையிலேயே வராது.

இன்னொரு விஷயம். 2011-ல் வந்த தொகுப்பு தமிழ்நாட்டில் இயற்கை ஏரி, குளம் என்ற தலைப்பில் சுமார் 3.16 லட்சம் ஹெக்டேரும், மனிதர் உருவாக்கிய ஏரி, குளம் என்ற தலைப்பில் சுமார் 2.37 லட்சம் ஹெக்டேரும் காட்டுகிறது. கரை கட்டாத இயற்கை ஏரி மூன்று லட்சம் ஹெக்டேருக்கு நம்மிடம் எங்கே இருக்கிறது? கரை போட்ட ஏரிகள் ஏராளம் முதல் தலைப்பில் போயிருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். வானத்திலிருந்து பார்த்தால் பழைய மண்கரை, மேலே பனையும் புளியும் வளர்ந்து மேடு மாதிரிதான் தெரியும். சரிபார்க்கப் போகிறவர்கள் இந்தத் தலைப்பை மாற்றினால், 2017 விதிப்படி அது விலக்குக்குள் போய்விடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. வேடந்தாங்கல் பாசன ஏரிதான். 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் உத்தரவு வாங்கிய ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அது ராம்சர் தலம். பாசனமும் பறவையும் ஒரே ஏரியில் சேர்ந்திருப்பது நம் நாட்டு வழக்கம். விதி எழுதியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

24 மார்ச் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. மாநிலச் சட்டம் இருக்கிறதே என்று ஒருவர். 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) ஏரிகளுக்கு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் கையில். நாலு ஏக்கர் ஊருணியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியத் தொகுப்பில் புள்ளி, 2017 விதியில் குடிநீருக்காக வெட்டியது என்று விலக்கு, 2007 சட்டத்தில் பொதுப்பணித் துறையுடையது இல்லை. மூன்றிலும் நழுவிவிட்டது.

அதற்கு மிச்சம் இருப்பது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. நீர்நிலைப் புறம்போக்கு என்று அங்கே இருந்தால், நீர்நிலைகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க வேண்டும் என்று ஹின்ச் லால் திவாரி வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், எல். கிருஷ்ணன் வழக்கில் 2005-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதும் துணைக்கு வரும். என் வரைபடத்தில் சின்னக் குட்டைகளுக்குத்தான் முதலில் சர்வே எண் போடுகிறேன். பெரிய ஏரிக்குப் பேச ஆள் இருக்கிறது.

13 ஏப்ரல் 2025

சர்வே எண் எப்படி எடுப்பது என்று கேட்டவர்களுக்கு: அ-பதிவேடும் (கிராமத்து நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவை வரைபடம்) அரசின் இணையச் சேவைத் தளத்தில் இலவசம். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து எண் கொடுத்தால் வரும். அ-பதிவேட்டில் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஏரி, குட்டை, வாய்க்கால், ஓடை என்று அங்கேதான் எழுதியிருக்கும். புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது, கல்லுக்குக் கல் அளவு மட்டும் இருக்கும். மூன்று கிராம எல்லை கூடும் இடத்துக் கல்லைக் களத்தில் கண்டுபிடித்து, அங்கே ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, மற்றதை அதிலிருந்து பொருத்த வேண்டும். கல் மண்ணுக்குள் புதைந்திருக்கும், கிராம உதவியாளருக்கு இடம் தெரிந்திருக்கும்.

ஒரு ஏரி இரண்டு கிராமத்தில் பரவிக் கிடந்தால் பதிவேட்டில் இரண்டு எண், இரண்டு பரப்பு. இதைச் சேர்க்காமல் பட்டியல் போட்டால் ஒரே ஏரி இரண்டாகிவிடும். இரண்டு பக்கமும் "அது அந்த ஊர் ஏரி" என்று கையை விரிப்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு ஏரியின் வரத்துக்காலில் கட்டடக் கழிவு கொட்டியதைப் பற்றி மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மறுபடி இங்கே. வாய்க்கால் இருக்கும் சர்வே எண்ணைப் புலப்படத்தோடு இணைத்துக் கொடுத்த பிறகுதான் யாருடைய பொறுப்பு என்ற பேச்சு முடிந்தது.

பதிவேட்டையும் முழுசாக நம்ப முடியாது. மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் நின்று கோடையில் புல் முளைக்கும் நிலங்கள் பல இடங்களில் தரிசு என்றோ மேய்க்கால் என்றோ இருக்கின்றன. ஆலைக்கோ சூரிய மின்தகடுக்கோ நிலம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது தரிசு என்ற வரிதான். உள்ளான்களுக்கு அந்தக் கணுக்கால் தண்ணீர்தான் வேண்டும்.

20 ஏப்ரல் 2025

நீலகிரி நண்பருக்கு. நீங்கள் சொன்ன மலைச் சதுப்புகள் பெரும்பாலும் அந்த ஐந்தரை ஏக்கர் பிரச்சினையில் மாட்டுபவை. இரண்டு புல்மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் கரிமண் தேங்கிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். அந்த மண்ணை வைத்துத்தான் கடந்த 20 ஆயிரம் ஆண்டுப் பருவநிலையை ஆய்வாளர்கள் படித்தார்கள். கோத்தகிரி லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் வந்தது நல்ல தொடக்கம், அது 116 ஹெக்டேர். மற்றவை தேயிலைக்கும் கேரட்டுக்கும் நடுவே இருக்கின்றன. அங்கே கணினி வேலைக்கே ஆகாது. தோடர்கள் எருமை மேய்த்த இடங்களை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

15 ஜூன் 2025

தூர்வாரல் பற்றிய சண்டையை இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள். சரி, இதற்கும் கணக்கெடுப்புக்கும் சம்பந்தம் உண்டு.

ஏரியைத் தூர்வார வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வண்டல் எடுத்தால்தான் கொள்ளளவு, வயலுக்கும் அது உரம். நான் கேட்பது எங்கே வெட்டுவது என்பது. இயந்திரம் வைத்து உள்வாய் முழுக்க ஒரே ஆழத்துக்கு வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக விட்டுவிட்டால் அது அண்டா மாதிரி ஆகிவிடுகிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் வரும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் தேடும் நாரை, அரிவாள் மூக்கன், பவளக்கால் உள்ளான் எதுவும் நிற்காது. மாடு இறங்கவும் இடமிருக்காது. ஆழம் பார்க்காமல் உள்ளே இறங்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

ஆகவே கணக்கெடுப்பில் ஆழமும் வேண்டும். பெரிய கருவி தேவையில்லை, ஏரி காய்ந்திருக்கும்போது மட்டக்குழாய் வைத்து நாலைந்து கோடு எடுத்தால் போதும். ஓரம் எங்கே மெல்லச் சரிகிறது, கூடு கட்டும் நாட்டுக் கருவேலத் திட்டு எங்கே என்று குறித்துவிட்டால், ஒப்பந்ததாரரிடம் வரைபடத்தைக் காட்டி "இங்கே மட்டும் வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள்" என்று சொல்லலாம். எங்கள் பக்கம் ஒரு ஏரியில் அப்படிச் சொன்னபோது பொறியாளர் கேட்டார். கேட்பதற்கு அவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீமைக் கருவேலத்தை வெட்டுகிறேன் என்று நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்ப்பது இதனால்தான் நடக்கிறது, யாரும் குறித்து வைக்கவில்லை.

10 ஆகஸ்ட் 2025

மரக்காணம் பக்கம் போய்வந்தவரின் படங்களைப் பார்த்தேன். கழுவெளி 2021-ல் சரணாலயம், 2024-ல் ராம்சர், 5,151.6 ஹெக்டேர். அதில் முகத்துவாரம், உப்புக்கல்லி ஓடை, உள்படுகை மூன்றும் வேறு வேறு. கடல் பக்கம் உவர், உள்ளே நல்ல தண்ணீர். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். உங்கள் படத்தில் ஓரத்தில் சிவந்து கிடப்பது உமரி. உமரி இருந்தால் உப்பு மண். அந்தச் செடியின் கோட்டைக் காலால் நடந்து குறித்தாலே உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று வரைந்துவிடலாம். இறால் பண்ணைக்கு அருகில் அந்தக் கோடு வருஷா வருஷம் நகர்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

பள்ளிக்கரணையையும் கேட்டிருந்தீர்கள். 1960-களில் 5 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் இன்று ராம்சர் எல்லைக்குள் 1,247.54 ஹெக்டேர். அதற்குத் தண்ணீர் தருவது தென்சென்னை ஏரிகளின் தொடர். வெளியேறும் வழி ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம். சதுப்பின் எல்லையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், மேலே உள்ள ஏரிகளையும் கீழே உள்ள மடுவையும் சேர்க்காத வரைபடத்தால் 2015 டிசம்பர் மாதிரி ஒரு வெள்ளத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பட்டியலில் ஒவ்வொரு வரிசையிலும் "எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது" என்று இரண்டு பத்தி. பிப்ரவரியில் வரத்துக்காலைப் பற்றி இரண்டு வரியில் எழுதினேன், அது முதல் குறிப்பிலேயே வந்திருக்க வேண்டிய விஷயம்.

11 ஆகஸ்ட் 2025

"மாநிலம் முழுக்க இப்படிச் செய்ய எத்தனை ஆள் வேண்டும்?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் செய்ய வேண்டியதில்லை. படத்தை வைத்து எல்லாவற்றையும் ஒரு தடவை வரைந்துவிடலாம், இதில் கேள்வி கேட்டவரோடு நான் ஒத்துப்போகிறேன். பிறகு ஏரித்தொடர் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழ் வரை அதைக் களத்தில் பார்க்க வேண்டும். தனித்தனி ஏரியாகப் பொறுக்கினால் ஆள் போதாது, தொடராகப் போனால் ஒரு வாய்க்காலைப் பிடித்து நடக்கும்போதே ஐந்தாறு ஏரி முடிந்துவிடும். மாநில ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களை இலக்காக வைத்திருக்கிறது. அந்த நூறும் பெயர்பெற்ற நூறாக இல்லாமல், சில முழுத் தொடர்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரி மாணவர்கள், ஊர் நீர்க்கட்டிகள், பறவை பார்ப்பவர்கள் சேர்ந்தால் ஒன்றியம் ஒன்றியமாக நடக்கக்கூடிய வேலைதான். நீர்க்கட்டிக்கு அன்றைய கூலி கொடுத்துவிடுங்கள். அவர் சொல்வது தகவல், அதற்கு விலை உண்டு.

7 டிசம்பர் 2025

பிப்ரவரியில் எழுதிய குத்துக்கல் ஏரிக்கு மழைக்குப் பிறகு போனேன். கலங்கல் வழிகிறது. உள்வாயில் தண்ணீர் முதல் வேலியைத் தாண்டி இரண்டாவதன் அடியில் நிற்கிறது. மூன்றாவது காய்ந்துதான் இருக்கிறது. கலங்கல் மட்டக் கோடு தரையோடு நன்றாகவே பொருந்துகிறது. குத்துக்கல் மட்டத்தை இன்னும் சோதிக்க முடியவில்லை, இந்த வருஷம் கல்லை அடைக்கவில்லை. நீர்க்கட்டியிடம் கேட்டேன். உள்வாயில் வேலி போட்டவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம், அதனால் ஊரில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு அடி தண்ணீர் போச்சு. சொர்ணவாரி இல்லை.

இதை வரைபடத்தின் குறிப்புப் பத்தியில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.

8 டிசம்பர் 2025

கைபேசி ஜிபிஎஸ் போதுமா என்ற கேள்விக்கு: திறந்த வெளியில் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கலங்கல், மடை, நத்தை கிடந்த இடம், பறவைத் திட்டு எல்லாவற்றுக்கும் அது போதும். வேலி உள்ளேயா வெளியேயா என்று வாதாடப் போகிறீர்கள் என்றால் போதாது, அதற்கு நில அளவர் வந்து கல்லிலிருந்து அளக்க வேண்டும். இப்போது எல்லா ஏரியும் தண்ணீரோடு இருக்கிறது. பொங்கலுக்குள் உங்கள் ஊர்க் கலங்கலில் நின்று ஒரு படம், உள்வாயில் தண்ணீர் விளிம்பில் நின்று ஒரு ஜிபிஎஸ் புள்ளி, அ-பதிவேட்டு எண். மூன்றையும் இங்கே போட்டால் எல்லையை நான் வரைந்து தருகிறேன்.